மலைச் சைக்கிளுக்குப் போட்ட பூஜை

1

'சைக்கிள் விற்பனைக்கு. ஒரே ஒரு முறை ஓட்டியது. உரிமையாளர் பெண். உடனே எடுத்துக்கொள்ளலாம்.'

மலாயில் இருந்த இந்த விளம்பரத்தை என் கைப்பேசிக்கு அனுப்பி, இது உங்கள் சைக்கிள் மாதிரியே இருக்கிறதே, விற்கப் போகிறீர்களா அக்கா என்று கேட்டிருந்தாள் என் சிநேகிதி தேவி. மாதிரி என்ன மாதிரி, என் சைக்கிளேதான். எங்கள் வீட்டுக் கார் போர்ச்சில், கறிவேப்பிலைத் தொட்டிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்து எடுத்த படம். தொடர்புக்கு என்று போட்டிருந்தது என் கணவர் செந்திலின் எண்.

அந்த நேரத்தில் நான் ஹாலில் உட்கார்ந்திருந்தேன். இடது பக்கக் காறை எலும்பு முறிந்து, கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். எனக்கும் சைக்கிளுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அந்தப் பக்கம் போய்ப் படம் எடுத்து, விவரம் எழுதி, ஊருக்கெல்லாம் காட்டிவிட்டு, இந்தப் பக்கம் வந்து என்னிடம் கஞ்சி குடித்தாயா என்று கேட்டிருக்கிறார் மனுஷன். எனக்கு வந்த கோபத்தில் எலும்பு வலிகூடத் தெரியவில்லை.

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் இப்போதே செந்தில் பக்கம் சேர்ந்திருப்பீர்கள். நாற்பத்து மூன்று வயதுப் பெண்ணுக்கு மலையிலிருந்து குதிக்கிற சைக்கிள் எதற்கு என்று கேட்பீர்கள். கேளுங்கள், சொல்கிறேன். கோபம் ஆறுவதற்குள் எழுதி முடித்துவிட வேண்டும் என்றுதான் ஒற்றைக் கையால் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

2

அடுத்த மாதத்தோடு நாங்கள் மலேசியாவில் ஜொகூருக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. செந்தில் செனாயில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டு மேலாளர். கோயம்புத்தூரில் லேத் பட்டறை வைத்திருந்தவரின் மகன். நான் பொள்ளாச்சிக்காரி. இயற்பியலில் முதுகலை முடித்து, கல்யாணத்துக்குப் பிறகும் பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவள். இங்கே வந்ததும் என் பாஸ்போர்ட்டில் ஒரு தாளை ஒட்டிக் கொடுத்தார்கள். அதன்படி நான் என் கணவரைச் சார்ந்திருப்பவள், வேலை பார்க்கக் கூடாது.

அதைப் புதுப்பிக்கப் போகும்போதெல்லாம் என்னைப் பற்றிய கேள்விகள் அவரிடம்தான் கேட்கப்படும். மனைவி என்ன செய்கிறார்? வீட்டில் இருக்கிறார். நான் அங்கேயே பக்கத்தில் நின்றுகொண்டிருப்பேன். முதல் தடவை வீட்டுக்கு வந்து அழுதேன். பிறகு பழகிவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன். பழகவே இல்லை. சட்டம் சட்டம்தான், கவுண்டரில் இருப்பவரோடு எனக்குச் சண்டை கிடையாது. ஆனால் இத்தனை வருடம் ஒருத்தியை இன்னொருவரின் வால் என்று எழுதிக்கொண்டே இருந்தால், வீட்டில் இருப்பவர்களும் அவளை அப்படியே பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். என் வயிற்றெரிச்சல் அவர்கள் மேல்தான்.

மகள் ஹரிணிக்குப் பதினைந்து வயது. நாலு வயதில் இங்கே வந்தவள். சிநேகிதிகளோடு மலாய், அப்பாவோடு ஆங்கிலம், என்னோடு சோறு கேட்கவும் சண்டை போடவும் மட்டும் தமிழ். பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டால் அப்பா மட்டும் வரட்டும் என்பாள். நான் மலாய் பேசினால் அவளுக்கு மானம் போய்விடுகிறதாம். காய்கறிச் சந்தையில் பேரம் பேசுகிற அளவுக்கு எனக்கு வரும், புரிவது அதைவிட அதிகம். அது அவளுக்குத் தெரியாது.

எங்கள் தாமானுக்குப் பின்னால், பாமாயில் எடுக்கிற செம்பனைத் தோட்டத்தை ஒட்டி ஒரு குன்று இருக்கிறது. தாமான் என்றால் இங்கே வீட்டு மனைக் குடியிருப்பு. காலை நடைக்கு நான் அந்தப் பக்கம்தான் போவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே ஒரு கூட்டம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேலே ஏறும், ஏறிய வேகத்தைவிடப் பல மடங்கு வேகத்தில் கீழே வரும். மண்ணைக் குவித்து மேடு கட்டியிருந்தார்கள். பலகை அடித்துச் சாய்தளம் போட்டிருந்தார்கள். ஒருநாள் அப்படிப் பறந்து வந்து என் முன்னால் நின்ற ஆள் தலைக்கவசத்தைக் கழற்றினால், உள்ளே ஒரு பெண். "என்னாக்கா, தினம் பாத்துட்டே போறீங்க, ஒரு வாட்டி ஏறிப் பாக்கிறீங்களா?" என்று தமிழில் கேட்டாள். அவள்தான் தேவி. செனாயில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் சூப்பர்வைசர். தாத்தா காலத்தில் சிகாமட் பக்கம் தோட்ட வேலைக்கு வந்த குடும்பம்.

இருக்கிறதிலேயே சின்னச் சரிவு அது. சுடிதாரை மடித்துக் கட்டிக்கொண்டு, அவளுடைய சைக்கிளில் இறங்கினேன். கீழே வந்து நின்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது, நிறுத்த முடியவில்லை. பொள்ளாச்சியில் எங்கள் வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் ஒரு ரயில்வே மேம்பாலம். ஏற்றத்தில் நானும் தம்பியும் மூச்சு வாங்க மிதித்து ஏறுவோம். உச்சியில் அப்பாவின் கட்டளை காத்திருக்கும்: தம்பி ஓட்டிக்கொண்டு இறங்கலாம், நான் இறங்கித் தள்ளிக்கொண்டு வர வேண்டும். பொம்பளைப் பிள்ளை விழுந்து கைகால் ஒடிந்தால் யார் கட்டுவார்கள் என்பது காரணம். பள்ளிக்கூடம் முடிகிற வரைக்கும் நான் ஏறியிருக்கிறேன், ஒரு நாளும் இறங்கியதில்லை. அந்த இறக்கத்தை ஜொகூரில் வைத்து எனக்கு ஒருத்தி கொடுத்தாள். விடுவேனா?

3

ஃப்ரீரைட் சைக்கிள் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். இது பால் வாங்கப் போகிற சைக்கிள் கிடையாது, தூரம் போகவும் லாயக்கில்லை. மேட்டில் ஏற்றும்போது எருமையை இழுப்பது போல இருக்கும். குதிப்பதற்கும் இறங்குவதற்கும் என்றே செய்த வண்டி. முன்னால் மோட்டார் சைக்கிளுக்கு இருப்பது போலத் தடித்த ஃபோர்க், அதிர்ச்சியை அது வாங்கிக்கொள்ளும். ஹேண்டில் அகலம். சீட்டை ஒரேயடியாகக் கீழே இறக்கிவிட்டு, மிதியில் எழுந்து நின்றுதான் ஓட்ட வேண்டும். பிரேக் ரப்பர் கட்டை வைத்தது கிடையாது. சக்கரத்தின் நடுவில் ஒரு இரும்பு வட்டு இருக்கும், அதை இரண்டு பக்கமும் பட்டைகள் கவ்விப் பிடிக்கும். அதைத்தான் டிஸ்க் என்கிறோம்.

முதல் முறை வாங்குகிறவள் என்று தெரிந்தால் போதும், ஆளாளுக்கு வாத்தியார் ஆகிவிடுகிறார்கள். பின்பக்கம் ஸ்பிரிங் இல்லாத வண்டியில் ஆரம்பித்தால்தான் ஒழுங்காகக் கற்றுக்கொள்வாய் என்று இணையத்தில் ஒரு கூட்டம். இரண்டு பக்கமும் ஸ்பிரிங் இருந்தால்தான் புதிதாக ஓட்டுகிறவரின் தப்பை வண்டி பொறுத்துக்கொள்ளும் என்று இன்னொரு கூட்டம். எவரும் நீ எங்கே ஓட்டப் போகிறாய், உன் உயரம் என்ன என்று கேட்கவில்லை. தேவி மட்டும்தான் கேட்டாள். "சைஸ் உங்களுக்குப் பொருந்தணும், பிரேக் நல்லா இருக்கணும். மத்ததெல்லாம் அப்புறமா மாத்திக்கலாம்லா அக்கா" என்றாள். அதையே பிடித்துக்கொண்டேன். பொள்ளாச்சியில் அம்மா என் பெயருக்கு எழுதி வைத்த தென்னந்தோப்புப் பங்கில் வந்த பணம் என்னிடம் இருந்தது. என் பணம் என்பதை இங்கே அழுத்திச் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும்.

ஜொகூர் பாருவில் ஒரு கடைக்குப் போனோம். நான் போகலாம் என்றிருந்தேன், செந்தில் நானும் வருகிறேன் என்று கிளம்பிவிட்டார். கடைக்காரச் சீனர் தங்கமான மனிதர், எங்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார், உட்கார நாற்காலி போட்டார். நான் கேட்ட கேள்விக்கெல்லாம் செந்திலின் முகத்தைப் பார்த்து மலாயில் பதில் சொன்னார். ஃபோர்க் எவ்வளவு இறங்கும் என்று நான் கேட்கிறேன், அவர் செந்திலுக்கு விளக்குகிறார். செந்தில் ஒன்றும் புரியாமல் தலையாட்டுகிறார். அதற்கு மேல் ஊதா நிறத்தில், முன்னால் கூடை வைத்த ஒரு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, மேடத்துக்கு இது பொருத்தம் என்றார். மேடம் நான் இங்கேதான் இருக்கிறேன், என்னிடம் சொல்லுங்கள் என்று என் சந்தை மலாயில் சொன்னேன். அவர் உண்மையிலேயே வெட்கப்பட்டுப் போனார். அதன் பிறகு கடைசிவரை என் முகத்தைப் பார்த்துத்தான் பேசினார்.

வெளியாளை ஒரு வார்த்தையில் திருத்திவிடலாம். வீட்டாளை என்ன செய்வது? நான் தேர்ந்தெடுத்தது சின்ன சைஸ். செந்தில் அதை நிற்க வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, பெரிய சைஸே எடுத்துவிடலாம் என்றார். நாளைக்கு ஹரிணி வளர்ந்து ஓட்டுவாளாம், அவரும் எப்போதாவது ஓட்டுவாராம். வாங்குவதே வாங்குகிறோம், எல்லோருக்கும் ஆகிற மாதிரி வாங்க வேண்டுமாம். நம் வீடுகளில் இது ஒரு வியாதி. பள்ளிக்கூடத்துக்குச் செருப்பு எடுத்தாலும், யூனிஃபார்ம் தைத்தாலும் வளர்கிற பிள்ளை என்று இரண்டு சைஸ் கூட்டித்தான் எடுப்பார்கள். ஷூ முனையில் பஞ்சை அடைத்துக்கொண்டு நடந்த பிள்ளைதான் நானும். அளவு சரியாக வரும்போது ஷூ கிழிந்திருக்கும். என் வாழ்நாளில் வாங்கின அன்றைக்கே எனக்குப் பொருந்தின பொருள் என்று ஒன்றும் கிடையாது. இந்த வண்டி பெரிதாக இருந்தால் குதிக்கும்போது என்னால் அடக்க முடியாது, விழுவேன் என்று சொன்னேன். பார்த்து ஓட்டினால் விழமாட்டாய் என்றார். அந்த இடத்தில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓட்டப் போவது நான், கால் எட்ட வேண்டியது எனக்கு, பணம் என் அம்மா கொடுத்தது, சின்னதைக் கட்டுங்கள் என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டேன். போன வருடத்து மாடல், இரண்டு பக்கமும் ஸ்பிரிங், சேற்றுப் பச்சை நிறம், கடையில் இருந்ததிலேயே நல்ல பிரேக். முகம் முழுக்க மூடுகிற தலைக்கவசமும் முட்டிக் கவசமும் சேர்த்து எடுத்தேன்.

கடை வாசலில் ஓட்டிப் பார்த்தேன். இரண்டு விரலால் பிடித்தால் போதும், வண்டி சட்டென்று நின்றது. புதுப் பிரேக் ஆரம்பத்தில் கொஞ்சம் கத்தும், ஓட்ட ஓட்டத்தான் முழுசாகப் பிடிக்கும், பயப்படாதீர்கள் என்று கடைக்காரர் சொல்லி அனுப்பினார்.

4

புது வண்டியைப் பூஜை போடாமல் எடுக்கக் கூடாது என்றார் செந்தில். சரி என்றேன். எனக்கும் சாமி உண்டு. தவிர, கடையில் அவரை நாலு பேர் முன்னால் மறுத்துப் பேசியதற்கு மனசு கொஞ்சம் உறுத்திக்கொண்டிருந்தது. இதையாவது அவர் ஆசைப்படி செய்யட்டும் என்று விட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் நான் சமையலறையில் இருந்தபோது அவர் போர்ச்சில் வண்டியோடு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். பாட்டை முணுமுணுத்துக்கொண்டு துடைத்துக்கொண்டிருந்தார். ஆயுத பூஜைக்கு முதல் நாள் அப்பாவின் பட்டறையில் இப்படித்தான் விடிய விடிய வேலை இருக்கும் என்று எட்டிப் பார்த்த ஹரிணியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். காலையில் பார்த்தால் வண்டி கண்ணாடி மாதிரி மின்னியது. சந்தோஷமாகக்கூட இருந்தது எனக்கு.

கோயிலில் குருக்களுக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. கார் என்றால் முன்பக்கம் இருக்கிறது, மோட்டார் சைக்கிள் என்றால் டேங்க் இருக்கிறது, இதில் பொட்டு வைக்க ஒரு இடம்கூட அகலமாக இல்லை. செந்தில்தான் வழி சொன்னார். இரண்டு சக்கரத்திலும் நடுவில் வட்டமாகப் பளபளவென்று இருந்த டிஸ்கைக் காட்டினார். குருக்கள் அதில் சந்தனத்தைத் தாராளமாகத் தடவி, நடுவில் குங்குமம் இட்டார். எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் வைத்து நசுக்கினோம். கும்பிட்டுவிட்டு, வண்டியைக் காரின் பின்னால் கட்டிக்கொண்டு, நேராகக் குன்றுக்குப் போனோம். சந்தனம் காய்ந்து வழியிலேயே உதிர்ந்துவிட்டது. பேருக்கு ஒரு துணியால் நானும் துடைத்தேன்.

தேவி கீழே நின்றிருந்தாள். செந்தில் பாதி வழியில் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஹரிணி காரிலேயே இருந்துவிட்டாள். நான் தேர்ந்தெடுத்தது புதியவர்கள் இறங்கும் பாதைதான். தேவியின் வண்டியில் அதில் எத்தனையோ தடவை இறங்கியிருக்கிறேன். கொஞ்ச தூரம் உருண்டதும் பிரேக்கை லேசாகப் பிடித்தேன், வீல் என்று கத்தியது. புதுசு, கத்தும் என்றுதானே சொன்னார்கள் என்று நினைத்தேன். வளைவுக்கு முன்னால் நன்றாக அழுத்திப் பிடித்தேன். கத்தல்தான் கூடியது, வேகம் குறையவில்லை. இரண்டு கையாலும் பிடி முட்டுகிற அளவுக்கு இறுக்கினேன். வண்டி தன் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. வளைவு திரும்பவில்லை. செம்பனை வரிசைக்கு நடுவில் தண்ணீர் ஓட வெட்டியிருந்த கால்வாயில் முன் சக்கரம் இறங்கியது, நான் அதற்கு மேலே போய் இடது தோளில் விழுந்தேன். தலைக்கவசம் மட்டும் இல்லையென்றால் இந்தக் குறிப்பை வேறு யாராவது எழுதியிருப்பார்கள், அதுவும் என் படத்துக்கு மாலை போட்டு.

5

மருத்துவமனையில் எப்படி விழுந்தீர்கள் என்று டாக்டர் மலாயில் கேட்டார். வலியில் எனக்கு மலாய் வாயில் வரவில்லை. பிரேக் பிடிக்கவில்லை, எவ்வளவு அழுத்தியும் நிற்கவில்லை என்று சொல் என ஹரிணியிடம் தமிழில் சொன்னேன். அவள் டாக்டரிடம் திரும்பி, அம்மா பயந்துட்டாங்க, அதனால விழுந்துட்டாங்க என்று மலாயில் சொன்னாள். டாக்டர் என்னைப் பார்த்து இரக்கமாகச் சிரித்தார். எனக்குப் புரிந்தது. புரிந்தது என்பது அவளுக்குப் புரியவில்லை. நான் பெற்ற பெண், என் வார்த்தையை என் முன்னாலேயே மாற்றிச் சொல்கிறாள். எலும்பு ஒடிந்தபோது அழாதவள் அந்த இடத்தில் அழுதேன். வலிக்கிறது போலிருக்கிறது என்று நர்ஸ் ஊசி போட்டார்.

அதற்குப் பிறகு ஆரம்பித்தது கச்சேரி. கோயம்புத்தூரிலிருந்து மாமியார் வீடியோவில் வந்து, "ஏங் கண்ணு, இந்த வயசுல உனக்கெதுக்கு இந்த வேலை?" என்று கேட்டார். கண்ணேறு பட்டுவிட்டது என்று என் அக்கா சொன்னாள். விழுந்து கைகால் ஒடிந்தால் யார் பார்ப்பார்கள் என்று அப்போதே சொன்னேனே என்று அப்பா முப்பது வருடத்துக்கு முந்தின வாக்கியத்தை ஒரே ஒரு வார்த்தை மாற்றி எடுத்துவிட்டார். தாமானில் இருக்கும் தமிழ்ப் பெண்கள் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, ஆம்பளைப் பிள்ளைகளே விழுகிற இடமாமே என்றார்கள். ஒவ்வொருவரிடமும் நான் பிரேக் பிடிக்கவில்லை என்று சொன்னேன். அந்த வாக்கியத்தை ஒருத்தரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆளுக்கொரு கதை ஏற்கெனவே தயாராக இருந்தது, அதில் பிரேக்குக்கு இடமே இல்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எல்லோருக்கும் பதில் சொன்னது செந்தில்தான். அவள் பதற்றத்தில் சரியாகப் பிடிக்கவில்லை, விடுங்கள், இனிமேல் ஓட்டமாட்டாள் என்றார். இனிமேல் ஓட்டமாட்டாள் என்று அவரிடம் யார் சொன்னது? என்னை ஒரு வார்த்தை கேட்டாரா? அப்புறம்தான் தேவி அனுப்பிய அந்த விளம்பரம்.

6

விளம்பரத்தைப் பார்த்ததும் எழுந்து போர்ச்சுக்குப் போனேன். விழுந்த அன்றைக்குக் கொண்டுவந்து நிறுத்தியது, அதன் பிறகு நான் அதைத் தொடவே இல்லை. வலது கையால் முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, இடுப்பால் வண்டியைத் தள்ளினேன். நிற்க வேண்டிய சக்கரம் ஊளையிட்டுக்கொண்டு உருண்டது. அப்படியானால் நான் பயப்படவில்லை. அந்த நிமிஷம் வரைக்கும் எனக்கே ஒரு சந்தேகம் இருந்தது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அத்தனை பேர் திரும்பத் திரும்பச் சொன்னதில், ஒருவேளை நான்தான் பிடிக்காமல் விட்டேனோ என்று எனக்குள்ளேயே கேட்டுக்கொள்ள ஆரம்பித்திருந்தேன்.

குனிந்து டிஸ்கைத் தொட்டேன். விரல் வழுக்கியது. மோந்து பார்த்தால் எங்கள் ஊர்த் தேங்காய் எண்ணெய். பொள்ளாச்சி செக்கில் ஆட்டி, அக்கா டப்பாவில் அனுப்புகிற எண்ணெய், அந்த வாசனை எனக்குத் தெரியாதா? வெள்ளைத் தாளால் துடைத்தேன், குங்குமச் சிவப்பாகப் பிசுபிசுவென்று வந்தது. பின் சக்கரத்திலும் அதேதான். உராய்வால் நிற்கிற வண்டிக்கு, உராய்கிற இடமாகப் பார்த்து எண்ணெய் பூசியிருக்கிறார். டிஸ்கில் பட்டதைப் பட்டைகள் குடித்து ஊறிப்போயிருக்கின்றன. உராய்வைப் பற்றிப் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு நான் கரும்பலகையில் படம் போட்டு நடத்தியிருக்கிறேன். தலையில் அடித்துக்கொள்ள ஒரு கைதான் இருந்தது, அந்தக் கையாலேயே அடித்துக்கொண்டேன்.

வேலை முடிந்து வந்தவர் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே கேட்டேன், டிஸ்கில் எண்ணெய் போட்டீர்களா என்று. "ஆமா, சும்மா ஒரு துடை துடைச்சேன். பட்டறையில எல்லாத்துக்கும் போடுவோமே, துருப் பிடிக்காது" என்றார். சர்வ சாதாரணமாகச் சொன்னார். தாளைக் காட்டினேன். வண்டியைத் தள்ளிக் காட்டினேன். அந்த ஊளைச் சத்தத்தை அவரும் கேட்டார். கேட்டதோடு நிறுத்தியிருக்கலாம். பூஜை போட்டதால்தான் தோளோடு போச்சு, இல்லையென்றால் என்ன ஆகியிருக்குமோ என்றார்.

நான் வாழ்நாளில் அவரிடம் அப்படிக் குரல் உயர்த்தியதில்லை. "உங்க ஃபேக்டரியில ஒரு பொருள் கெட்டுப்போனா, ஓட்டினவன் தப்புன்னு எழுதிட்டு வந்தா ஒத்துக்குவீங்களா? ஏன் ஏன்னு அடிவரைக்கும் கேளுன்னு அத்தனை பேரையும் விரட்டுவீங்கல்ல? எனக்கு மட்டும் ஒரு ஏன்கூட கேக்கத் தோணலையே உங்களுக்கு. நான் சொன்னேனே, பிரேக் பிடிக்கலைன்னு. அத்தனை தடவை சொன்னேனே."

மாடிப்படியில் ஹரிணி நின்றிருந்தாள். நான் அவள் பக்கம் திரும்பி, டாக்டரிடம் நீ என்ன சொன்னாய் என்று எனக்குப் புரிந்தது என்று மலாயில் சொன்னேன். என் மலாயைக் கேட்டு அன்றைக்கு அவள் முகம் சுளிக்கவில்லை. முகம் வெளுத்துப்போய், அப்பாவின் கைப்பேசியை வாங்கி, அந்த விளம்பரத்தை அழித்தாள். அதைப் போட்டுக் கொடுத்ததும் அவள்தானாம்.

அப்போதுதான் செந்தில் மெல்லச் சொன்னார், பத்து பாகாட் என்கிற ஊரிலிருந்து ஒரு பையன் நாளைக்குக் காலையில் வண்டியைப் பார்க்க வருகிறான் என்று.

7

வந்தவன் தமிழ்ப் பையன்தான். இருபத்தைந்து வயதிருக்கும், டெக்ஸ்டைல் தொழிற்சாலையில் வேலையாம், காரின் பின்னால் சைக்கிள் கட்டுகிற கம்பியெல்லாம் மாட்டிக்கொண்டு வந்திருந்தான். வண்டியைப் பார்த்ததும் அவன் கண் விரிந்தது. ஒரு தடவைதான் ஓட்டியிருக்கிறீர்கள், ஏன் அண்ணே விற்கிறீர்கள் என்று செந்திலிடம் கேட்டான். வழக்கம் போல அவரிடம்தான் கேட்டான். நான் கட்டுப் போட்ட கையோடு வாசற்படியில் நின்றேன். வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன். இந்த மனிதர் என்ன சொல்கிறார் என்று பார்த்துவிடுவது, அதை வைத்துத்தான் மேற்கொண்டு எதுவும்.

செந்தில் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். என் மனைவி என்று ஆரம்பித்தார், நிறுத்தினார். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டே, "பிரேக்ல நான் எண்ணெய் போட்டுட்டேன் தம்பி. பூஜைக்குன்னு போட்டேன். அதுல அவ விழுந்துட்டா. அவ நல்லாத்தான் ஓட்டினா" என்றார்.

பையன் அலமாக் என்று வாயில் கை வைத்துக்கொண்டான். பிறகு மரியாதைக்கு, பட்டை மாற்றினால் சரியாகிவிடும் அண்ணே, நான் எடுத்துக்கொள்கிறேன் என்றான். செந்தில் திரும்பி என்னைப் பார்த்தார். பதினோரு வருடத்தில் என்னைப் பற்றிய ஒரு கேள்வி முதல் தடவையாக என்னிடம் வந்தது. விற்பதற்கில்லை தம்பி, இவ்வளவு தூரம் வந்ததற்குப் பசியாறிவிட்டுப் போங்கள் என்றேன். தோசை சாப்பிட்டுவிட்டு, குன்று எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டு போனான்.

மத்தியானம் குடும்பக் குழுவில் மாமியார் வண்டி போய்விட்டதா என்று கேட்டிருந்தார். வண்டி இருக்கிறது, எலும்பு கூடினதும் ஓட்டுவேன், எண்ணெய் பூசியது உங்கள் மகன், மற்றதை அவரிடம் கேளுங்கள் என்று எழுதிப் போட்டேன். என் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். ஒரு வாக்கியத்தில் தீர்கிற கோபம் இல்லை இது. மூட்டை மூட்டையாக இருக்கிறது.

சாயங்காலம் செந்தில் கடைக்குப் போய்ப் புதுப் பட்டைகளும், டிஸ்க் துடைக்கிற ஆல்கஹாலும் வாங்கி வந்தார். நானே மாற்றிவிடுகிறேன் என்று உட்காரப் போனவரை எழுப்பிவிட்டேன். முக்காலியைப் போட்டு, ஒற்றைக் கையால் சக்கரத்தைக் கழற்ற ஆரம்பித்தேன். திருகுவதற்குள் வியர்த்துவிட்டது. சக்கரம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார், போகவும் இல்லை, தொடவும் இல்லை.

"நான் பிடிச்சுக்கட்டுமா?" என்று கேட்டார்.

"பிடிங்க" என்றேன். "டிஸ்க்ல கை வைக்காதீங்க."